தொகுத்தவர் பெயரையும் அச்சிடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மறைந்த பாடகர்களின் வெளிவராத பாட்டுகளைத் தேடிப்பிடித்து விற்கிற இசை நிறுவனங்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். பெரும்பகுதி எனக்குச் சம்மதம்தான். ஆள் போன பிறகு அவர் தொண்டையைச் செருமியதைக்கூட விற்கிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் அமெரிக்கப் பாடகர் எலியட் ஸ்மித்தின் ‘நியூ மூன்’ தொகுப்பையும் அந்தப் பட்டியலில் சேர்த்து, பாடகரே வேண்டாமென்று ஒதுக்கியதைக் காசாக்கினார்கள் என்று ஒரே வரியில் முடித்திருக்கிறார் கட்டுரையாளர். அந்த ஒரு வரிக்குத்தான் இந்தக் கடிதம்.

நான் மதுரையில் ரெக்கார்டிங் கடை வைத்திருந்தவன். துண்டுச்சீட்டில் பாட்டு எழுதிக் கொண்டுவருவார்கள். 60 நிமிஷக் கேசட்டிலோ 90 நிமிஷக் கேசட்டிலோ பதிந்து கொடுப்பேன். எலியட் ஸ்மித்தை எனக்குக் காட்டியது கிடார் வாசிக்கிற என் தங்கை மகன். “மாமா, இந்த ஆள் ஒரே வரியை ரெண்டு தடவை பாடி ஒண்ணு மேல ஒண்ணா வச்சிருக்கான், கேளுங்க” என்றான். கேட்டேன். இரண்டு குரலும் மயிரிழை பிசகாமல் ஒட்டி நிற்கிறது. கடையில் உட்கார்ந்த காதுக்கு அது எவ்வளவு கஷ்டமான வேலை என்று உடனே தெரிந்தது. அதிலிருந்து அவருடைய ஆல்பங்களை விடாமல் கேட்டு வருகிறேன்.

1969-இல் பிறந்தவர். டெக்சாஸில் வளர்ந்தவர், பாடகராக ஆளானது ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லேண்டில். அங்கே ‘ஹீட்மைசர்’ என்ற ராக் குழுவில் உரக்கப் பாடிக்கொண்டே, இன்னொரு பக்கம் நண்பர்கள் வீடுகளில் தனியாகக் கிடாரோடு உட்கார்ந்து மெல்லிய குரலில் பதிவு செய்துகொண்டிருந்தார். 1995-இல் தன் பெயரிலேயே ஓர் ஆல்பம், 1997-இல் ‘ஈதர்/ஆர்’. இரண்டையும் வெளியிட்டது ‘கில் ராக் ஸ்டார்ஸ்’ என்ற சின்ன நிறுவனம். 1998 ஆஸ்கர் மேடையில் வெள்ளை சூட்டில் வந்து, ‘குட் வில் ஹண்டிங்’ படத்தில் வந்த தன் ‘மிஸ் மிஸரி’யைப் பாடினவர் இவர்தான். பரிசு டைட்டானிக் பாட்டுக்குப் போனது. (டைட்டானிக் கேசட்டை எத்தனை பேருக்குப் பதிந்து கொடுத்திருப்பேன்! எதிரே தோற்றவர் யார் என்று அப்போது யார் கேட்டார்கள்?) 2003 அக்டோபரில், 34 வயதில், லாஸ் ஏஞ்சல்ஸில் இறந்துபோனார். ‘நியூ மூன்’ 2007-இல் வந்தது.

இப்போது அந்த ‘ஒதுக்கியது’ விஷயத்துக்கு வருகிறேன். ‘நியூ மூன்’ தொகுப்பில் இருக்கும் 24 பாட்டுகளும் 1994-இலிருந்து 1997 வரைக்குள் பதிவானவை. அதாவது மேலே சொன்ன இரண்டு ஆல்பங்களும் உருவான அதே காலம். அந்த ஆல்பங்களில் ஒவ்வொன்றிலும் 12 பாட்டுகள். அவர் கையில் இருந்ததோ அதைவிட எத்தனையோ அதிகம். எது உள்ளே, எது வெளியே என்பது பாட்டின் தரத்தை மட்டும் பார்த்து எடுக்கிற முடிவல்ல. ஒரே சாயலில் இரண்டு இருந்தால் ஒன்று நிற்கும். பக்கத்துப் பாட்டோடு சேராவிட்டால் நல்ல பாட்டும் வெளியே போகும். 60 கேசட்டின் ‘ஏ’ பக்கத்தை நிரப்பிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ‘ஈதர்/ஆர்’ என்ற பெயரிலேயே ஸ்மித் எழுதிய பாட்டு ஒன்று உண்டு. ஆல்பத்துக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டு, பாட்டை வெளியே நிறுத்திவிட்டார்! பத்து வருஷம் கழித்து ‘நியூ மூன்’ இரண்டாம் வட்டில்தான் அது வெளிச்சத்துக்கு வந்தது. ‘சீ யூ லேட்டர்’, ‘ஹாஃப் ரைட்’ இரண்டையும் அவரே 1996-இல் ஹீட்மைசர் ஆல்பத்துக்குக் கொடுத்திருக்கிறார். இங்கே இருப்பது அவர் தனியாகப் பாடிய வடிவம். வேண்டாமென்று நினைத்த பாட்டைத் தன் குழுவுக்குக் கொடுப்பாரா?

கட்டுரையில் விட்டுப்போன பெயர் லேரி கிரேன். என் வருத்தம் முக்கியமாக அதில்தான். ஸ்மித்தின் குடும்பம் டேப்புகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைக் கொடுத்தது இவரிடம். இவர் வெளியாள் அல்ல. போர்ட்லேண்டில் ‘ஜாக்பாட்’ ஒலிப்பதிவுக் கூடம் நடத்துகிறவர். 1997-இல் அந்தக் கூடத்தை உருவாக்கும் வேலையில் ஸ்மித்தும் கூட நின்றிருக்கிறார். ‘மிஸ் மிஸரி’யின் ஆரம்ப வடிவம் பதிவானது அங்கேதான். ஒலிப்பதிவுக்காரர்களுக்கென்றே ‘டேப் ஆப்’ என்று ஒரு பத்திரிகையும் தொடங்கி நடத்துகிறார்.

பழைய டேப்பைப் பார்த்துக்கொள்வது என்றால் பெட்டியைத் திறந்து பிளேயரில் போடுவது என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு சின்ன விஷயம் சொல்கிறேன். வீட்டில் தனியாகப் பதிவு செய்கிறவர்கள் அந்தக் காலத்தில் ‘ஃபோர் டிராக்’ மெஷின் வைத்திருப்பார்கள், குரல், கிடார் என்று நாலு ஒலியை நாலு தனித்தனித் தடத்தில் (டிராக்) பதிகிற மெஷின். பல மெஷின்களில் நம் சாதாரணக் கேசட்தான் போகும். நம் டெக்கில் ஒரு பக்கத்துக்கு இரண்டு டிராக், திருப்பிப் போட்டால் இன்னும் இரண்டு. அந்த மெஷினோ நாலையும் ஒரே திசையில் பதியும். அதை நம் டெக்கில் போட்டால் கிடாரும் பாட்டும் மட்டும் கேட்கலாம். திருப்பிப் போட்டால் மீதி இரண்டும் தலைகீழாக ஓடும். வேகமும் பல மெஷின்களில் இரட்டிப்பு, அதனால் நம் டெக்கில் இழுவையாகக் கேட்கும். சரியான மெஷின் வேண்டும். டேப்பிலிருந்து ஒலியை எடுக்கிற அதன் ஹெட்டை ஸ்க்ரூடிரைவரால் இம்மி இம்மியாகத் திருப்பி நேராக்க வேண்டும், இல்லாவிட்டால் மேல்ஸ்தாயி முழுக்க மங்கிப்போகும். அப்புறம் ஒரே பாட்டு மூன்று டேப்பில் இருந்தால் எது முடிந்த வடிவம், எது ஒத்திகை என்று கண்டுபிடிக்க வேண்டும். பெட்டி மேல் எழுதியிருப்பதை நம்பவே முடியாது. என் கடை அலமாரியே அதற்குச் சாட்சி.

கிரேன் செய்த கலவையில் (தனித்தனித் தடங்களை ஒன்றாகச் சேர்க்கிற ‘மிக்சிங்’ வேலை) எனக்குப் பிடித்தது அவர் செய்யாமல் விட்டது. புதிதாக டிரம்ஸ் சேர்க்கவில்லை, வயலின் சேர்க்கவில்லை. 2004-இல் வந்த ‘ஃப்ரம் எ பேஸ்மென்ட் ஆன் தி ஹில்’ கதை வேறு. ஸ்மித் முடிக்காமல் விட்டுப்போன ஆல்பத்தை ராப் ஷ்னாப்ஃபும் ஜோவானா போல்மும் முடித்துக் கொடுத்தார்கள். அவர்களும் அவருக்கு நெருங்கியவர்கள்தான், நல்ல மனதோடு செய்ததுதான். ஆனாலும் பாடகர் இருந்திருந்தால் இப்படி முடித்திருப்பாரா என்ற கேள்வியை அங்கே கேட்க நியாயம் இருக்கிறது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

குறையே இல்லையென்று சொல்லவில்லை. 24 பாட்டையும் ஒரே மூச்சில் கேட்டால் சலிக்கிறது. பல பாட்டுகள் ஒரே நடை. கத்தரிக்கிற பொறுப்பு என்னிடம் இருந்திருந்தால் இரண்டாம் வட்டில் ஒன்றிரண்டைக் குறைத்திருப்பேன். பாடகரின் சம்மதம் இல்லாமல் வந்தது என்பதும் உண்மை, அதை யாரும் சரிசெய்ய முடியாது. ஆனால் பணம் பண்ணினார்கள் என்று எழுதும்போது, விற்பனைப் பணத்தில் ஒரு பகுதி போர்ட்லேண்டில் வீடில்லாத இளைஞர்களுக்கு உதவுகிற ‘அவுட்சைட் இன்’ அமைப்புக்குப் போனதையும் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

என் கோரிக்கை பெரிதல்ல. புத்தக மதிப்புரை போட்டால் கீழே பதிப்பாசிரியர், பதிப்பகம், பக்கம், விலை எல்லாம் போடுகிறீர்கள். இசைத் தொகுப்பைப் பற்றி எழுதும்போதும் பாட்டு பதிவான ஆண்டு, டேப்பைத் தொகுத்தவர், கலவை செய்தவர் என்று மூன்று வரி போடுங்கள். எது கவனமாகச் செய்தது, எது அவசரத்தில் அள்ளிப்போட்டது என்று வாசகரே பிரித்துக்கொள்வார். கட்டுரையாளருக்கு நேரமிருந்தால் முதல் வட்டில் 11-ஆவதாக வருகிற ‘மிஸ் மிஸரி’யையும், சினிமாவில் வந்த வடிவத்தையும் அடுத்தடுத்து கேட்கட்டும். வரிகளே பல இடங்களில் வேறு.

இப்படிக்கு,
முன்னாள் ரெக்கார்டிங் கடைக்காரர்,
மதுரை.