அப்பாவின் அம்பாசடருக்கு ஏ.சி.

திருச்சி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. உன் அப்பாவின் 1978-ஆம் வருடத்து மார்க் 3 அம்பாசடர் மறுபடியும் சாலையில் ஓடுகிறது என்று படித்ததும், அதன் முன் பெஞ்சில் நாம் மூன்று பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்து கொடைக்கானலுக்குப் போன நாள் நினைவுக்கு வந்தது. இங்கே வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவை அதே வண்டியில் ராமேஸ்வரத்திற்கு அழைத்துப்போக வேண்டும், வெயில் அவருக்கு ஆகாது என்பதால் ஏ.சி. போட வேண்டும் என்று எழுதியிருந்தாய். மதுரையில் ஒரு கடைக்காரர் பெரிய கம்ப்ரசராகவே (இன்ஜின் பெல்ட்டில் ஓடி ஏ.சி. கேஸை அழுத்தும் பம்ப்) போட்டுவிடலாம் என்று சொன்னதையும் எழுதியிருந்தாய். அவருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் நான் பட்டதைக் கேட்டுவிடு.

என் 1982-ஆம் வருடத்து மார்க் 4 வண்டிக்கு ஆறு ஆண்டுகளுக்கு முன் ஏ.சி. போட்டேன். எவ்வளவு குளிரும் என்பதை மட்டுமே கேட்டேன். இந்த வண்டி எவ்வளவு சுமை தாங்கும் என்று நானும் கேட்கவில்லை, பொருத்தியவரும் சொல்லவில்லை. முதல் மாதம் சுகமாக இருந்தது. கத்திரி வெயிலில் ஒரு நாள் பால்பண்ணை சிக்னலில் பத்து நிமிடம் நின்றபோது வெப்பமானியின் முள் சிவப்பைத் தொட்டது. பானெட்டைத் திறப்பதற்குள் ரேடியேட்டரிலிருந்து தண்ணீர் கொதித்து வழிந்தது. பின் இருக்கையில் இரண்டு வயதுப் பேரன் இருந்தான். அன்றைய பயம் இன்னும் போகவில்லை. அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

உன் வண்டியில் இருப்பது 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின். புதிதாக இருந்தபோதே அதன் திறன் ஏறத்தாழ 50 குதிரைத்திறன்தான். கம்ப்ரசர் ஓடும்போது அதில் மூன்று முதல் ஐந்து வரை அதற்கே போய்விடும். ஆகவே கம்ப்ரசரின் அளவை முதலில் முடிவு செய். சாண்டன் கம்பெனியின் கம்ப்ரசர்களில் 508 என்பது ஒரு சுற்றுக்கு 138 சி.சி. கேஸை அழுத்துவது, 507 என்பது 108 சி.சி., 505 என்பது 87 சி.சி. நம் இன்ஜினுக்கு 507 அளவே போதும் என்பது என் முடிவு. முதலில் எனக்குப் போட்டிருந்தது பழைய காலத்து இரண்டு சிலிண்டர் கம்ப்ரசர். அது இழுக்கும் இழுப்பில் ஸ்டியரிங்கே அதிரும், அதன் எடையில் பிராக்கெட் இரண்டு முறை விரிசல் விட்டது. பிராக்கெட்டைத் தடித்த இரும்புத் தகட்டில் செய்து, இன்ஜின் பிளாக்கில் குறைந்தது மூன்று இடங்களில் போல்ட் போடச் சொல். பெல்ட் ஓடும் இன்ஜினின் கிராங்க் புல்லியும் கம்ப்ரசர் புல்லியும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று நீயே குனிந்து பார்; கொஞ்சம் கோணினாலும் பெல்ட் கத்தத் தொடங்கிவிடும்.

அடுத்தது மின்சாரம். உன் வண்டியில் பேட்டரிக்கு மின்சாரம் தர இன்னும் பழைய டைனமோதான் இருக்கிறது என்று எழுதியிருந்தாய். அந்தக் காலத்து டைனமோ நல்ல வேகத்தில் ஓடும்போதே 20 முதல் 25 ஆம்பியர் வரைதான் தரும். வண்டி நின்று இன்ஜின் மெதுவாக ஓடும் ஐடிலிங்கில் அனேகமாக ஒன்றுமே தராது. கம்ப்ரசர் கிளட்ச்சுக்கு மூன்று நான்கு ஆம்பியர், உள்ளே காற்றடிக்கும் புளோயருக்குச் சுமார் பத்து, சூட்டை வெளியே விடும் கண்டென்சரின் ஃபேனுக்கு இன்னொரு பத்து, இரவில் ஹெட்லைட்டுக்கு மேலும் பத்து என்று கூட்டிப் பார்த்தால், மழை இரவில் வைப்பரும் சேர்ந்து ஓடும்போது பேட்டரி வடிந்து வண்டி நடுவழியில் நின்றுவிடும். டைனமோவுக்குப் பதில் 55 அல்லது 65 ஆம்பியர் ஆல்டர்னேட்டரைப் போடாமல் ஏ.சி.யைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். கழற்றிய டைனமோவைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதே. அப்பா கை வைத்த பொருள், துணியில் சுற்றிப் பரணில் வை. ஃபேனுக்கும் புளோயருக்கும் தனித்தனி ரிலேயும் ஃபியூஸும் வேண்டும். பழைய சுவிட்சு வழியாகவே கரண்ட் எடுத்தால் வயர் உருகும்.

வண்டி கொதிக்காமல் இருப்பது ரேடியேட்டரையும் கண்டென்சரையும் பொறுத்தது. உள்ளே எடுத்த சூட்டை எல்லாம் கண்டென்சர் கிரில்லுக்குப் பின்னால் வெளியே விடுகிறது. அந்தச் சூடான காற்றுதான் பிறகு ரேடியேட்டருக்குப் போகிறது. நான் ரேடியேட்டரைக் கழற்றி, உள்ளே படிந்திருந்த துருவைச் சுத்தம் செய்து, நான்கு வரிசைக் குழாய்கள் கொண்ட கோர் போட்டு, இன்ஜின் ஃபேனைச் சுற்றி ஒரு தகரக் கூண்டு அடித்தேன். செலவில் சிறியது அந்தக் கூண்டுதான். பலனில் பெரியதும் அதுதான். அதற்கு முன் ஃபேன் இழுத்த காற்றில் பாதி ரேடியேட்டர் வழியாக வராமல் பக்கவாட்டிலேயே வந்துகொண்டிருந்தது. கண்டென்சரைப் பாம்பு போல வளைந்த பழைய குழாய் வகையில் வாங்காமல், பல குழாய்கள் பக்கம் பக்கமாக ஓடும் இணைக்குழாய் வகையில் வாங்கு. ஏ.சி.யில் முன்பு குளிரூட்டப் போட்ட ஆர்-12 கேஸ் ஓசோன் படலத்தைக் கெடுப்பது என்பதால் 2010-க்குள் நம் நாட்டில் விலக்கப்பட்டுவிட்டது. இப்போது போடும் ஆர்-134ஏ கேஸுக்கு இணைக்குழாய்க் கண்டென்சர்தான் நன்றாகச் சூட்டை விடும். இந்தக் கேஸ் பழைய ரப்பர் ஹோஸ் வழியாக மெல்லக் கசிந்துவிடும், ஆகவே ஹோஸ் எல்லாம் புதிதாக, அதற்கென்றே வருவதாக இருக்க வேண்டும். கேஸ் ஏற்றுமுன் அரை மணி நேரமாவது வேக்கம் போட்டு (உள்ளே இருக்கும் காற்றை எல்லாம் உறிஞ்சி எடுத்து), அளவியின் முள் நகராமல் நிற்கிறதா என்று பார்க்காமல் வண்டியை எடுக்காதே.

உள்ளே காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயிலை எங்கே வைப்பது என்பதில்தான் நீ மனம் வருந்தும்படி எதுவும் நடந்துவிடக் கூடாது. டேஷ்போர்டை அறுத்து உள்ளே வைத்தால் பார்க்க அழகாக இருக்கும் என்பார்கள். அந்த டேஷ்போர்டை ஒரு முறை அறுத்தால் திரும்ப வராது. டேஷ்போர்டுக்குக் கீழே தொங்கும் யூனிட்டையே போடு. நான்கு ஸ்குரூவைக் கழற்றினால் வண்டி அப்பா வைத்திருந்தபடியே இருக்கும். முன் பெஞ்சின் நடுவில் உட்காருபவருக்கு முழங்கால் இடிக்கும் என்பது உண்மை. அந்த இடத்தில் இனி யாரையும் உட்கார வைக்காதே. யூனிட்டிலிருந்து தண்ணீர் வெளியேறும் குழாய் மடங்காமல் நேராகக் கீழே இறங்குகிறதா என்று பார். என் வண்டியில் அது மடங்கி, கால்மிதிக்கு அடியில் தண்ணீர் தேங்கி, ஒரு மழைக்காலத்திற்குள் தரைத் தகரம் விரல் குத்தும் அளவுக்கு ஓட்டையாகிவிட்டது.

எல்லாம் போட்ட பிறகும் குளிரவில்லையே என்று தோன்றினால் கம்ப்ரசரைக் குறை சொல்லாதே. முன்கதவின் முக்கோணக் கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர், பெடலுக்குப் பின்னால் கேபிள் நுழையும் ஓட்டைகள், கூரைத் துணிக்கு மேலே வெறும் தகரம் ஆகிய இவை வழியாகத்தான் வெயில் உள்ளே வருகிறது. ரப்பர் எல்லாவற்றையும் மாற்றி, கூரைக்கும் தரைக்கும் வெப்பத்தடுப்பு ஷீட் ஒட்டிய பின்புதான் என் வண்டி பிற்பகல் இரண்டு மணிக்கும் உட்காரத்தக்கதாக ஆனது.

கிரில்லுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்து, அகலம், உயரம், ஆழம் மூன்றையும் எழுதி அனுப்பு. எனக்கு வேலை செய்து தந்த மெக்கானிக்கிடம் காட்டிக் கண்டென்சரின் அளவைச் சொல்கிறேன். பொருத்தும் நாளில் நானும் மதுரைக்கு வருகிறேன். அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

உன் அன்பு நண்பன்