ஜெனிவா பற்றி நீ கேட்டதற்கு

வெள்ளவத்தை,
கொழும்பு

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பித் தப்பித்துக்கொள்ளாமல் நாலு பக்கம் உட்கார்ந்து எழுதியிருக்கிறாய், அதற்கே உனக்கு ஒரு கும்பிடு. இங்கே எல்லோரும் சுகம். மூத்தவள் உயர்தரப் பரீட்சைக்குப் படிப்பதால் வீட்டில் டிவிக்கு ஊரடங்கு. நான் செய்தி பார்ப்பது ஃபோனில்தான், அதுவும் குசினிக்குள் நின்றுகொண்டு. விடுமுறைக்கு வருவதென்றால் முன்கூட்டியே சொல், மேல்மாடி அறையை ஒதுக்கி வைக்கிறேன்.

சரி, நீ கொதித்து எழுதிய விஷயத்துக்கு வருகிறேன். காஸாவுக்குப் பிறகும் ஜெனிவாவை, அதாவது அங்கிருக்கும் ஐநா மனித உரிமைப் பேரவையை, நம்புகிறாயா என்று கேட்டிருக்கிறாய். உன் கோபம் எனக்கு விளங்குகிறது. 2023 மார்ச்சில் சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் புட்டினுக்குப் பிடியாணை பிறப்பித்தபோது அது நியாயமானது என்றார் பைடன். 2024 நவம்பரில் அதே நீதிமன்றம் நெதன்யாகுவுக்குப் பிறப்பித்ததும், அடாத செயல் என்றார். இத்தனைக்கும் அமெரிக்கா அந்த நீதிமன்றத்தில் அங்கமே இல்லை. இலங்கையும் இல்லை; அதை மட்டும் இங்கே எவரும் வாய்திறந்து சொல்ல மாட்டார்கள்.

ஆனால் மச்சான், நீ லண்டனில் இருந்து கோபத்தோடு சொல்லும் அதே வசனத்தை இங்கே என் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு மேசையில் சிரித்துக்கொண்டு சொல்கிறார்கள். "காஸாவைப் பார், இவர்களா எங்களுக்கு மனித உரிமை படிப்பிக்க வருகிறார்கள்?" சொல்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. காஸாக் குழந்தைகளுக்காக உண்மையாகவே வருந்துகிறார்கள். ஆனால் அந்த வசனம் முள்ளிவாய்க்கால் கதையை மூடி வைக்கத்தான் வெளியே எடுக்கப்படுகிறது. உன் வாயில் முறைப்பாடாக இருப்பது இங்கே சாட்டாகிவிடுகிறது.

இந்தச் சாட்டுக்கு இங்கே நீண்ட வரலாறு உண்டு. 2010 ஜூலையில், இறுதிப் போர் பற்றி ஆராய ஐநா செயலாளர் பான் கி மூன் நியமித்த நிபுணர் குழுவை எதிர்த்து, கொழும்பு ஐநா அலுவலக வாசலில் அமைச்சர் விமல் வீரவன்ச சாகும்வரை உண்ணாவிரதம் இருந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? ஓரிரு நாளில் அப்போதைய ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ஷவே வந்து தண்ணீர் கொடுத்து முடித்து வைத்தார். அதே மஹிந்த 1990இல் எதிர்க்கட்சி எம்பியாக இருந்தபோது, தெற்கில் காணாமல் ஆக்கப்பட்ட சிங்களப் பெடியன்களின் படங்களையும் ஆவணங்களையும் கட்டிக்கொண்டு ஜெனிவாவுக்குப் புறப்பட்டார். கட்டுநாயக்க விமான நிலையத்தில் பொலிஸ் அவற்றைப் பறித்தது. அன்றைய அரசு சொன்னதும் இதே 'வெளிநாட்டுத் தலையீடு' கதைதான். எதிர்க்கட்சியில் இருக்கும்போது ஜெனிவா நீதிமன்றம், ஆட்சிக்கு வந்தால் ஏகாதிபத்தியம். இப்போது ஆள்பவர்களும் விலக்கில்லை. 1987-89இல் கிளர்ச்சியில் ஆயிரக்கணக்கான தோழர்களைப் பறிகொடுத்த ஜேவிபிதான் அது. 2025 மார்ச்சில், அந்தக் காலத்துச் சித்திரவதை முகாம் பற்றிய பட்டலந்த அறிக்கையை நாடாளுமன்றத்தில் சமர்ப்பித்தார்கள், நல்லது. ஆனால் ஐநாவின் சாட்சியம் திரட்டும் பொறிமுறை என்று வந்தால் முந்தியவர்கள் சொன்னதையே இவர்களும் சொல்கிறார்கள்.

மஹிந்தவைப் பற்றி இன்னொன்று. 2014இல் பாலஸ்தீனத்தின் ரமல்லா நகரில் ஒரு வீதிக்கு அவர் பெயரை வைத்தார்கள். பாலஸ்தீனத் தோழமைக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர், ஆகவே மரியாதை. வன்னியில் பிள்ளைகள் சத்தத்தை வைத்தே அடையாளம் கண்டு பங்கருக்குள் ஓடிய கிபிர் விமானங்கள் எங்கே வாங்கப்பட்டவை? இஸ்ரேலில்.

மேற்கு நாடுகளை மட்டும் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை என்பதற்கும் காரணம் உண்டு. 2009 மே 27, போர் முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை. ஜெனிவாவில் விசேட அமர்வு. இலங்கை அரசைப் பாராட்டுகிற தீர்மானத்துக்கு ஆதரவாக 29 நாடுகள், எதிராக 12. அந்த 29இல் இந்தியா, சீனா, பாகிஸ்தான், கியூபா எல்லாம் ஒரே பக்கம். தென்னாபிரிக்காவும் அந்தப் பக்கம்தான். 2023 டிசம்பரில் இஸ்ரேலை ஹேக்கிலுள்ள சர்வதேச நீதிமன்றத்துக்கு இழுத்துச் சென்றதற்காக நாம் கைதட்டிய அதே தென்னாபிரிக்கா. அங்கே ஆட்சியில் இருந்ததும் அதே கட்சி. இந்தியா 2012இலும் 2013இலும் இலங்கைக்கு எதிராக வாக்களித்து, 2014இல் ஒதுங்கி நின்றது. இடையில் திமுக கூட்டணியை விட்டுப் போனதெல்லாம் உனக்குத் தெரிந்த கதை. சீனாவின் சின்ஜியாங் முஸ்லிம்களின் நிலைமையை விவாதிக்கலாமா என்ற கேள்வியே 2022இல் 17க்கு 19 என்று தோற்றது. வேண்டாம் என்றவர்களில் பாகிஸ்தான், இந்தோனேசியா, கட்டார்.

உன் ஊருக்கு வருவோம். இலங்கை பற்றிய தீர்மானங்களை முன்னின்று கொண்டுவருவது பிரித்தானியா. 2025 மார்ச்சில் முன்னாள் படைத் தளபதிகள் சவேந்திர சில்வா, கரன்னாகொட, ஜகத் ஜயசூரிய, புலிகளிலிருந்து பிரிந்த கருணா ஆகிய நால்வர்மீது தடையும் போட்டது. நான் அதை வரவேற்றேன், மறைக்கவில்லை. ஆனால் வட அயர்லாந்துக் கொலைகளுக்கு நிபந்தனையோடு விலக்களிக்கும் சட்டத்தை 2023இல் நிறைவேற்றியதும் அதே நாடாளுமன்றம்தான். அது மனித உரிமைச் சாசனத்துக்கு முரண் என்று பெல்ஃபாஸ்ட் நீதிமன்றம் சொல்ல வேண்டி வந்தது. இங்கே 'கடந்ததை மறப்போம்' என்று சொன்னால் பொறுப்புக்கூறல் இல்லை என்பார்கள். அங்கே அதற்குப் பெயர் நல்லிணக்கம்.

அதைவிட எனக்கு உறைத்தது இந்து சமுத்திரத்தில் பிரித்தானியா வைத்திருந்த டியாகோ கார்சியா தீவு. 2021 ஒக்டோபரில் தத்தளித்த படகில் போய்ச் சேர்ந்த தமிழர்களை வேலிக்குள் கூடாரங்களில் மூன்று வருடம் வைத்திருந்தார்கள். குழந்தைகளும் இருந்தார்கள். 2024 டிசம்பரில் நீதிபதி அது சட்டவிரோதத் தடுப்பு என்று தீர்ப்பளித்தார். ஜெனிவா மண்டபத்தில் தமிழருக்கு நீதி கேட்ட பிரித்தானியாவின் தீவில்தான் அந்தத் தமிழர்கள் எலிகளோடு கூடாரத்தில் படுத்துக் கிடந்தார்கள். அதற்காக எத்தனை பேர் லண்டனில் தெருவுக்கு வந்தீர்கள் என்று கேட்க மாட்டேன். கேட்டால் நீ என்னைத் திருப்பிக் கேட்பாய்.

நம் ஆட்களிடமும் இந்த வியாதி இருக்கிறது. 2011இல் வந்த நிபுணர் குழு அறிக்கையில் நாற்பதாயிரம் வரை இறந்திருக்கலாம் என்ற வரியை நாம் மனப்பாடமாகச் சொல்வோம். தப்பி ஓடிய சனத்தைப் புலிகள் சுட்டதையும், பிள்ளைகளைப் பிடித்ததையும் அதே அறிக்கை சொல்கிறது; அந்தப் பக்கங்களை வேகமாகப் புரட்டிவிடுவோம். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு இரண்டு மணித்தியாலம் கொடுத்து வெளியேற்றியதைப் பற்றிக் கேட்டால், 'அது வேற கதை' என்பார் என் சித்தப்பா. எல்லோருக்கும் தங்கள் கதை வேற கதைதான்.

அப்படியென்றால் ஏன் ஜெனிவா என்கிறாய். இங்கே என்ன இருக்கிறது, சொல். யாழ்ப்பாணத்து மிருசுவிலில் சிறு பிள்ளைகள் உட்பட எட்டுப் பேரைக் கொன்ற வழக்கில் 2015இல் இராணுவ வீரர் சுனில் ரத்நாயக்கவுக்கு மரண தண்டனை கிடைத்தது. அபூர்வமாக முடிந்த ஒரு வழக்கு என்று நினைத்தோம். 2020 மார்ச்சில், நாடே கொரோனாவில் முடங்கிக் கிடந்தபோது, அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய மன்னிப்பு கொடுத்து அனுப்பிவிட்டார். யாழ்ப்பாணத்துச் செம்மணிப் புதைகுழியில் இருநூறுக்கு மேல் எலும்புக்கூடுகள் வெளியே வந்திருக்கின்றன. 2025 ஜூனில் ஐநா மனித உரிமை ஆணையாளர் வோல்க்கர் டர்க் அங்கே போய் நின்றபோது ஒரு தாய்க்கும் அவர் எந்தக் கட்சி, எந்தக் கூட்டணி என்பது முக்கியமாகப் படவில்லை. ஒக்டோபரில் வாக்கெடுப்பில்லாமல் இன்னொரு தீர்மானம் நிறைவேறியது. இன்னும் இரண்டு வருடம் சாட்சியங்களைச் சேர்த்து வைப்பார்கள். பெரிய விஷயம் இல்லைதான். ஆனால் ஒரு இடத்திலாவது அந்தக் கோப்பு பூட்டிப் பத்திரமாக இருக்கிறது.

அளவுகோல் வளைந்திருக்கிறது என்று காஸாத் தாய் சொல்லட்டும், செம்மணித் தாய் சொல்லட்டும். குற்றம் சாட்டப்பட்டவன் அதைச் சொல்லும்போது எனக்குக் காது கேட்பதில்லை. உன்மேல் எனக்கு மனவருத்தம் இருப்பது இதில்தான். நீ தாய்மாரின் முறைப்பாட்டை எடுத்து, தெரியாமலே இங்கே இருப்பவர்கள் கையில் கொடுத்துவிடுகிறாய்.

ஒரு வேலை செய். தைப்பொங்கல் விழாவுக்கு உங்கள் தொகுதி எம்பி வேட்டி கட்டி வருவார், முள்ளிவாய்க்கால் பற்றி உருக்கமாகப் பேசுவார். பேசி முடித்ததும் பக்கத்தில் போய் டியாகோ கார்சியா பற்றியும், காஸா பற்றியும், வட அயர்லாந்துச் சட்டம் பற்றியும் கேள். மூன்றையும் கேள், ஒன்றோடு விட்டுவிடாதே. என்ன சொன்னார் என்று எழுது. வாக்குக் கேட்டு வருவது உன்னிடம், என்னிடம் இல்லை.

மச்சாளையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

உன் கூட்டாளி