காசுமாலையை அழிக்கக் கொடுக்காதே, கொஞ்சம் பொறு

சிங்கப்பூர்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் கல்யாணம் நிச்சயமானதில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ரொம்ப சந்தோஷம். ஆனால் அதே கடிதத்தில், அம்மாவின் காசுமாலையை அழித்து நெக்லஸ் செய்யப்போவதாக எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததும் மற்ற வேலைகளைத் தள்ளிவைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். ஆசாரியிடம் இன்னும் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதே.

காரணம் சொல்கிறேன். இங்கே தோ பாயோவில் இருந்த அத்தையின் கழுத்தில் எப்போதும் கிடக்குமே ஒரு டாலர், உனக்கு நினைவிருக்கும். வட்டக் காசு, சுற்றிலும் முறுக்குக் கம்பி, மேலே ஒரு வளையம். நிற்பவர் ராமர், முன்னால் மண்டியிட்டிருப்பவர் அனுமார் என்று அத்தை சொல்வார். நாங்கள் எல்லோரும் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டே வளர்ந்தோம். அத்தை போனபிறகு அவர் மகள் அதை என்னிடம் கொடுத்து, "இது எந்தக் காலத்துக் காசு அத்தான், பார்த்துச் சொல்லுங்கள்" என்றாள்.

முதலில் பிரிட்டிஷ் தங்கக் காசான சவரனாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். சிராங்கூன் ரோட்டில் தெரிந்த நகைக்கடையில் உரைத்துப் பார்த்தவர், தங்கம் 24 காரட்டை ஒட்டி வருகிறது என்றார். சவரன் 22 காரட் ஆயிற்றே. அப்புறம் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கொடிக்கம்பம். பின்பக்கம் நீள்வட்டத்துக்குள் ஒருவர் நிற்கிறார், அவரைச் சுற்றி நட்சத்திரங்கள். விக்டோரியா தெரு நூலகத்தில் நாணய நூல்களைப் புரட்டியபோது விஷயம் பிடிபட்டது. இது இத்தாலியின் வெனிஸ் நகரத்து டியூகட் என்ற தங்கக் காசின் உருவம். நிற்பவர் புனித மாற்கு. மண்டியிட்டுக் கொடி வாங்குபவர் டோஜே என்ற வெனிஸ் தலைவர். பின்பக்கம் இருப்பவர் ஏசுநாதர்.

1284இல் அடிக்கத் தொடங்கிய காசு இது. 1797இல் நெப்போலியன் வெனிஸ் குடியரசை முடித்துவைக்கும் வரை, ஐந்நூறு வருஷத்துக்கு மேல், ஏறக்குறைய மூன்றரை கிராம் எடையும் சொக்கத் தங்கமும் மாறவே இல்லை. அதனால்தான் மிளகுக்கும் துணிக்கும் விலையாக நம் கரைக்கு வந்தபோது யாரும் தயங்காமல் வாங்கினார்கள், கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார்கள். வெளிநாட்டுக் காசை நகையாக்குவது நமக்குப் புதிதல்ல. ரோமானியக் காசுகளிலும் துளை போட்டவை, வளையம் பற்றவைத்தவை நம் பக்கம் கிடைத்திருக்கின்றன.

அசல் வெனிஸ் காசில் வருஷம் இருக்காது. ஓரத்தில் தலைவரின் பெயர் இருக்கும், அதை வைத்துத்தான் காலம் சொல்வார்கள். உதாரணமாக லுடோவிகோ மனின் பெயர் இருந்தால் 1789க்கும் 1797க்கும் இடையில் அடித்தது. அத்தையின் காசில் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கோடும் வட்டமுமாக இருக்கிறது. லத்தீன் எழுத்துத் தெரியாத நம் ஊர்த் தட்டார் யாரோ பார்த்துப் பார்த்து வெட்டிய அச்சு. நகைக்கென்றே இப்படி நம் நாட்டில் நிறைய அடித்திருக்கிறார்கள். எனக்கு இதில் துளியும் ஏமாற்றம் இல்லை. எழுத்தை விட்டாரே தவிர அந்த மனிதர் தங்கத்தின் மாற்றைக் குறைக்கவில்லை பார்! பெரிய மரியாதை வந்துவிட்டது அவர்மேல். அத்தை மகளிடம் சொன்னேன். "எனக்கு அது ராமர்தான் அத்தான்" என்று வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். சரிதான்.

இப்போது உன் மாலைக்கு வருகிறேன். அதிலும் இப்படிப் பழைய காசு ஏதாவது கலந்திருக்கலாம். பெரும்பாலான காசுகள் லட்சுமி உருவம் அடித்த தகடாகத்தான் இருக்கும், பின்பக்கம் வெறுமையாகவோ குழிவாகவோ இருக்கும். அவற்றை விட்டுவிடு. இரண்டு பக்கமும் உருவம் இருந்தால் அதைத் தனியாகக் கவனி. குதிரைமேல் ஒருவர் பறவைநாகத்தைக் குத்துவதுபோல் இருந்தால் பிரிட்டிஷ் சவரன். குறுக்களவு 22 மில்லிமீட்டர், எடை எட்டு கிராமுக்குச் சற்றே குறைவு. அதில் வருஷத்துக்கு மேலே தரையில் பொடி எழுத்து ஏதாவது இருக்கிறதா என்று பார். 1918ஆம் வருஷக் காசில் ஆங்கில 'ஐ' இருந்தால் அது பம்பாயில் அடித்தது. அந்த ஒரு வருஷம்தான் அங்கே சவரன் அடித்தார்கள். 'எஸ்' சிட்னி, 'எம்' மெல்போர்ன், 'பி' பெர்த்.

எடையை மட்டும் நம்பாதே, வளையமும் பற்றவைப்பும் சேர்ந்து கணக்கைக் கெடுத்துவிடும். காசின் முகத்தை ஸ்கேலால் அள. பாலிஷ் போடவே கூடாது, தேய்ந்த எழுத்து அதோடு போய்விடும். வளையத்தைப் பிரிக்கவும் விடாதே, தழும்பு விழும்.

நெக்லஸுக்குத் தங்கம் குறைகிறது என்றால் லட்சுமி காசுகளைக் கொடு, போதும். இருபக்கக் காசு ஒன்று இருந்தாலும் ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்து, இரண்டு பக்கமும் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பு. ராத்திரியானாலும் பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
முத்து