சப்பை விலகும் வரை காத்திரு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய படம் வந்தது. 40 கஜத்தில் ஆறு அம்பும் ஓர் உள்ளங்கைக்குள் குத்தி நிற்கின்றன. மூன்று வருஷமாக வாரம் தவறாமல் பழகியிருக்கிறாய், அது தெரிகிறது. அம்மாவிடம் காட்டினேன். இளைத்துவிட்டாள் என்று வருத்தப்பட்டாள்.

செப்டம்பர் 2ஆம் தேதி கொலராடோவில் எல்க் என்னும் பெரிய மானை வில்லால் வேட்டையாடும் சீசன் திறக்கிறது. அதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொன்னால் பாதியில் வேறு பேச்சுக்குப் போய்விடுவோம்.

நீ அம்பு விடும் அந்த நுரை பொம்மை எப்போதும் பக்கவாட்டில்தான் நிற்கிறது. அதன் மார்பில் ஒரு வட்டம் வரைந்திருக்கிறது. நீ அந்த வட்டத்தைக் கற்றுக்கொண்டுவிட்டாய். எல்க்குக்கு வட்டம் கிடையாது. அது எப்படித் திரும்பி நிற்கிறதோ அதற்கேற்ப உள்ளே இருப்பதை நீ மனசில் பார்க்க வேண்டும். வேப்பேரி கால்நடைக் கல்லூரியில் உடற்கூறு படித்துவிட்டு இத்தனை வருஷம் மாடுகளோடும் குதிரைகளோடும் இருந்தவன் என்பதால், அதைச் சொல்லிக்கொடுக்க எனக்குக் கொஞ்சம் தகுதி இருக்கிறது.

சின்ன வயதில் ஊருக்குப் போகும்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மாமாவோடு கறிக்கடைக்குப் போவாயே, நினைவிருக்கிறதா? கடைக்காரர் பின்தொடையைக் கழற்ற மூட்டைத் தேடிக் கத்தியை நுழைப்பார். முன்சப்பைக்கு, அதாவது தோள்பட்டையோடு சேர்ந்த முன்னங்காலுக்கு, அந்த வேலையே இல்லை. காலைத் தூக்கிப் பிடித்து, அடியில் சதையை அறுத்துக்கொண்டே போனால் சப்பை முழுசாகக் கையோடு வந்துவிடும். ஆடு, மாடு, மான் எதற்கும் காறை எலும்பு இல்லை. முன்னங்கால் உடம்போடு எலும்பால் இணையவே இல்லை, தசைதான் தாங்குகிறது. அதனால் ஒவ்வோர் அடிக்கும் சப்பை விலா எலும்புகளின் மேல் முன்னும் பின்னும் வழுக்கிப் போய்வரும். எல்க்கின் உயிர் அந்தச் சப்பைக்கு அடியிலும் அதற்குச் சற்றுப் பின்னாலும்தான் இருக்கிறது.

இப்போது பக்கவாட்டில் நிற்கும் ஓர் எல்க்கை நினைத்துக்கொள். தோள்பட்டை எலும்பு முதுகை ஒட்டித் தொடங்கி, முன்பக்கமாகச் சரிந்து இறங்குகிறது. மார்பின் முன்முனையில் ஒரு மூட்டு. அங்கிருந்து அடுத்த எலும்பு பின்பக்கமாகத் திரும்பி முழங்கையில் வந்து சேர்கிறது. முனை முன்னோக்கிய ஒரு மடிப்பு. பலரும் கால் எலும்பு தூண் மாதிரி நேராக மேலே போகிறது என்று நினைத்துக்கொண்டு, அதில் படக்கூடாது என்று ஓர் அடி பின்னால் தள்ளிக் குறிவைக்கிறார்கள். அம்பு கல்லீரலுக்கோ குடலுக்கோ போய்விடுகிறது. மடிப்பின் உள்பக்கம் தசையும் விலாவும் மட்டும்தான். முன்னங்காலின் பின்விளிம்பைப் பிடித்து நேராக மேலே வா, மார்பின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு ஏறியதும் நின்றுகொள். அங்கே பின்னால் நுரையீரல், கீழே இதயத்தின் மேல்பகுதி. உன் பக்கம் இருக்கும் முன்னங்காலை அது ஓர் அடி முன்னால் எடுத்து வைத்தால் முழங்கையும் கூடவே போய்விடும், வாசல் இன்னும் திறக்கும். அந்த ஓர் அடிக்காகக் காத்திரு.

இதயம் நீ நினைப்பதைவிடக் கீழே இருக்கிறது, முழங்கைக்குச் சற்று மேலே. அதைத் தேடிப் போகாதே. கொஞ்சம் தாழ்ந்தால் மார்பெலும்போடு போய்விடும். இரண்டு நுரையீரலையும் சேர்த்துத் துளைப்பதுதான் உன் வேலை. மேலே போனாலும் கெடுதிதான். நுரையீரலுக்கும் முதுகெலும்புக்கும் நடுவில் ஒரு வெற்றிடம் இருக்கிறது, அதில் அம்பு போனால் விலங்கு பிழைத்துவிடும் என்று முகாம்களில் சொல்வார்கள். அப்படி ஓர் இடம் இல்லை. நுரையீரல் முதுகெலும்பின் அடி வரைக்கும் நிறைந்திருக்கிறது. ஆனால் தோளுக்கு மேலே முதுகெலும்பு தோலுக்கு மிகவும் கீழே இறங்கி ஓடுகிறது. அதன் மேலே நிற்பவை உயரமான முள்ளெலும்புகளும் தசையும்தான். அங்கே பட்ட அம்பைத்தான் வெற்றிடம் என்கிறார்கள்.

பின்னால் போவதைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். ஊரில் வேலை பார்த்தபோது, கம்பியோ ஊசியோ விழுங்கிய மாடுகளைக் கொண்டுவருவார்கள். அது இரண்டாவது இரைப்பையில் தங்கி, உதரவிதானத்தைக் குத்திக்கொண்டு முன்னால் நகர்ந்து, இதயத்தின் உறையைத் தொட்டுவிடும். இரைப்பைக்கும் இதயத்துக்கும் நடுவில் சில விரல்கடை தூரம்தான். எல்க்கும் அசைபோடும் விலங்குதான், அதே அமைப்பு. அதன் இடப்பக்கம் வயிற்றை முழுக்க முதல் இரைப்பை அடைத்துக்கொண்டிருக்கிறது. கல்லீரல் பெரும்பாலும் வலப்பக்கம். ஆகவே ஒரே தவறு, நீ எந்தப் பக்கம் நிற்கிறாய் என்பதைப் பொறுத்து இரண்டு விதமாக முடியும். வலப்பக்கத்திலிருந்து கொஞ்சம் பின்னால் பட்டால் கல்லீரல். அது சாகும், மெதுவாக. இடப்பக்கத்திலிருந்து பட்டால் இரைப்பை. அதன் வேதனை அரை நாளுக்கும் மேல் நீடிக்கும்.

அம்பு தோட்டா மாதிரி அதிர்ச்சியால் சாய்ப்பதில்லை. வெட்டி, ரத்தம் போக்கித்தான் கொல்கிறது. அதனால் முனையின் கூர்மையில் சமாதானம் வேண்டாம். முனை எட்டில் ஏழு அங்குலம், அதாவது முக்கால் அங்குலத்துக்குச் சற்று மேல் அகலம் இருக்க வேண்டும் என்பது கொலராடோ விதி. பயிற்சியில் விட்ட முனையை மலைக்கு எடுத்துப் போகாதே, புதிது மாட்டு.

இனி உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று. 2009இல், வால்டனுக்கு மேற்கே, ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாகத் தொடங்கிய வாரம். ஒரு பெரிய ஆண் எல்க் கூவிக்கொண்டே என் அழைப்புக்கு இறங்கி வந்தது. 30 கஜத்தில் நின்றது. என் பக்கம் அரைவாசி திரும்பி, முன்தோளைக் காட்டிக்கொண்டு. உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்தக் கோணத்தில் தோள் மூட்டு முன்னால் நிற்கும், அதைத் தாண்டினாலும் அம்பு ஒரு நுரையீரலோடு இரைப்பைக்குப் போய்விடும். தெரிந்தும் விட்டேன். பத்து நாள் நடந்த களைப்பு, அவ்வளவு பக்கத்தில் அதன் மூச்சுச் சத்தம். எலும்பில் அடித்த சத்தம் கேட்டது. அரை அம்புகூட உள்ளே போகவில்லை. இரண்டு நாள் தேடினேன். இருநூறு கஜம் வரை துளித்துளியாக ரத்தம், அப்புறம் ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்ததும் நீ கேட்டாய், "தப்பிச்சுடுச்சாப்பா?" ஆமாம் என்றேன். அது பிழைத்ததா என்று எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளையிடம் அதை எப்படிச் சொல்வது என்று அன்று தெரியவில்லை. இன்று நீ வில்லோடு கிளம்புகிறாய், அதனால் சொல்கிறேன்.

எனவே உன் பக்கம் திரும்பி நின்றால் விடாதே. நேருக்கு நேர் நின்றாலும் விடாதே. கழுத்தடியில் வழி இருக்கிறது, பலர் விட்டுச் சாய்த்தும் இருக்கிறார்கள். ஆனால் அது மிகக் குறுகிய வழி, இரண்டு பக்கமும் எலும்பு. உன் முதல் வருஷத்துக்கு அது வேண்டாம். பக்கவாட்டில் நின்றாலோ, உன்னைவிட்டு அரைவாசி அப்பால் திரும்பி நின்றாலோ மட்டும் நாணை விடு. அப்பால் திரும்பி நிற்கும்போது மறுபக்கத்து முன்னங்காலைக் குறிவை. அம்பு வெளியேற வேண்டிய இடத்தை முதலில் முடிவு செய், நுழையும் இடம் தானாகக் கிடைக்கும். சரிவில் மேலே நின்று கீழே விட்டால் ஒரு நுரையீரலை மட்டும் துளைத்துப் போகிற ஆபத்து உண்டு. ஒரு நுரையீரலோடு எல்க் மைல் கணக்கில் நடந்துவிடும்.

40 கஜத்தில் உன் கை நிற்கிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் உன் அம்பு நொடிக்கு 270 அடி போகிறது, வில்லின் சத்தம் 1,100 அடி. 30 கஜத்திலேயே சத்தம் கேட்டுக் கால் நொடி கழித்துத்தான் அம்பு சேர்கிறது. அந்தக் கால் நொடியில் அது ஓர் அடி எடுத்து வைத்தால் நுரையீரல் இரைப்பையாகிவிடும். இந்த வருஷம் 30 கஜத்தோடு நிறுத்திக்கொள்.

விட்டபிறகு ஓடாதே. அது நின்ற இடத்தையும் கடைசியாகக் கண்ட மரத்தையும் மனசில் குறி. அரை மணி கழித்து அம்பைப் போய்ப் பார். இளஞ்சிவப்பாக, குமிழ் குமிழாக ரத்தம் இருந்தால் நுரையீரல், மெதுவாகத் தொடரலாம். கருஞ்சிவப்பாக இருந்தால் கல்லீரல், நான்கு முதல் ஆறு மணி நேரம் விட்டுவிடு. பச்சையும் நாற்றமும் இருந்தால் எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல். துரத்தினால் எழுந்து ஓடும், அப்புறம் கிடைக்காது. பகல் வெயிலில் கறி கெடுமே என்று மனசு அடித்துக்கொள்ளும். கெட்டாலும் பரவாயில்லை, தேடிக் கண்டுபிடிப்பது முதல் கடமை. காயம்பட்டதைத் தேட வேண்டும் என்பது சட்டமும்கூட. ஆரஞ்சு ரிப்பன் ஒரு சுருள் வைத்துக்கொள், ஒவ்வொரு ரத்தத் துளிக்கும் ஒன்று கட்டு.

இருட்டில் தேட ஆள் வேண்டுமென்றால் சாட்டிலைட் கருவியில் ஒரு வரி அனுப்பு, எந்த நேரமானாலும். இங்கே ஃபோர்ட் காலின்ஸிலிருந்து நீ போகும் கன்னிசனுக்கு ஐந்து மணி நேரம். சீசன் முடிகிற வரைக்கும் வண்டியில் டார்ச்சும் என் பழைய பூட்ஸும் இருக்கும். நீ ஏறப்போகிற முகட்டை வரைபடத்தில் குறித்து, கிளம்புவதற்கு முன்னால் அனுப்பிவிடு.

அன்புடன்,
அப்பா