சோட்டித் துணி பட்டாலும் நோகுது

திருகோணமலை

அன்பு மகளுக்கு,

அம்மாவின் அக்கிப் புண் காய்ந்துவிட்டது. வலிதான் போகவில்லை. வலது விலாவில், வீட்டில் போடும் சோட்டியின் துணி பட்டாலே துள்ளுகிறாள். கையால் அழுத்திப் பிடித்தால் அவ்வளவு இல்லையாம். பட்டும் படாமலும் உரசினால்தான் நெருப்பு. போன கிழமை டச்பே கடற்கரைக்குக் காற்று வாங்கக் கூட்டிப்போனேன். கடற்காற்றில் சேலைத் தலைப்பு அசைந்ததற்கே கண் கலங்கிவிட்டாள். முதலில் காட்டிய டாக்டர், "புண் ஆறியாச்சு, இனி எல்லாம் மனசுதான்" என்றார். சொல்ல வெட்கமாக இருக்கிறது, நானும் இரண்டு நாள் அதை நம்பினேன். முப்பது வருஷம் விஞ்ஞானம் படிப்பித்தவன்!

அதனால்தான் நீ போனில் சொன்ன எலிக் கதை எனக்கு உறைத்தது. பிறகு நானும் தேடி வாசித்தேன். மொன்றியல் மக்கில் பல்கலைக்கழகத்து ஜெஃப்ரி மொகிலும் கூட்டாளிகளும் 2015இல் வெளியிட்டது. நரம்பில் காயம்பட்ட எலி, பாதத்தில் மெல்லிய நைலோன் இழை பட்டாலே காலை இழுத்துக்கொள்ளும். ஆணும் பெண்ணும் ஒரே அளவுக்குத்தான் இழுக்கின்றன. ஆனால் முண்ணாணில், அதுதான் முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டில், உள்ள மைக்ரோகிளியா என்ற காவல் கலங்களை மருந்தால் அடக்கினால் ஆணெலிக்குத் தணிகிறது, பெண்ணெலிக்கு ஒன்றும் நடப்பதில்லை. பெண்ணெலியில் அந்த வேலையை நோயெதிர்ப்புக்கான டி கலங்கள் பார்க்கின்றன போலும். டி கலம் இல்லாத பெண்ணெலியோ ஆணெலியின் வழிக்கே போய்விடுகிறது! வீடு ஒன்று, போகிற ஒழுங்கை வேறு. அதுவரைக்கும் பெரும்பாலும் ஆணெலியில் பார்த்துவிட்டு எல்லாருக்கும் பொது என்று எழுதிவைத்திருக்கிறார்கள். எலியில் கண்டதை அப்படியே அம்மாவுக்குப் போட நான் தயாரில்லை. என்றாலும் தொடுகை வலியாக மாறுவது மனப்பிரமை இல்லை, நரம்பின் வேலை என்று பிடிபட்டதே, அது போதும்.

நீ ஆய்வுகூடத்தில் பார்க்கும் சி. எலிகன்ஸ் புழுக்களைப் பற்றியும் அம்மாவிடம் சொன்னேன். ஒரு மில்லிமீற்றர் புழுவைக் கண்ணிமை மயிரால் தடவிப் பார்ப்பீர்கள் என்றதும் "இதுக்கா படிக்கப் போனவள்?" என்றாள். ஆணும் பெண்ணும் ஒன்றான இருபாலிப் புழுவுக்கு நரம்புக்கலம் 302, ஆணுக்கு அதைவிட எண்பதுக்கு மேல் அதிகம், கூடியதில் பெரும்பாலானவை துணையைத் தடவி அறிய வாலில்தான் இருக்கின்றன என்றேன். "ஆம்பிளைக்கு மேலதிக மூளை வாலிலயா?" என்று சிரித்தாள் பார், அக்கி வந்த பிறகு அன்றைக்குத்தான் சிரித்தாள்.

நேற்றுக் காலை கோணேசர் கோவிலுக்குப் போகும்போது கோட்டை வாசலுக்கு உள்ளே ஒரு ஆண் புள்ளிமான் நின்றது. கொம்பில் இன்னும் மயிர்த்தோல். வேப்பங்கொப்பு ஒன்று கொம்பில் லேசாகத் தட்டியதும் தலையைச் சட்டென்று பின்னுக்கு இழுத்தது. வளரும் கொம்பில் இரத்தமும் நரம்பும் ஓடுகிறதல்லவா. தோல் காய்ந்து உரிந்த பிறகு வெறும் எலும்பு. அதே கொம்பால் மரத்தைக் குத்தும். பக்கத்தில் மேய்ந்த பெண்மானுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. பூசைத் தட்டோடு கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத்தான் போனேன்.

சரி, இப்போது வேறு டாக்டரிடம் காட்டுகிறோம். நரம்புக்கு இரவுக் குளிசை தந்திருக்கிறார், நித்திரை வருகிறது. தையில் வரும்போது மெல்லிய பருத்திச் சோட்டி இரண்டு கொண்டுவா. அம்மாவின் அளவைவிட ஒரு சைஸ் பெரிசாக எடு. வலது பக்கத் தையல் உறுத்தாததாகப் பார், உன் விலாவில் வைத்துப் பார்த்தே வாங்கு.

அப்பா