செயலாளர் ஆண்டறிக்கை: ஒயிட் ரிம் இளவேனில் மிதிவண்டிப் பயணம்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவிற்கு வருகை தந்திருக்கும் உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

கடந்த ஆண்டில் நமது மிதிவண்டிச் சங்கம் வார ஓட்டங்களையும் பழுதுபார்ப்புப் பயிற்சிகளையும் தடையின்றி நடத்தியது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். ஏப்ரல் மாதம் யூட்டா மாநிலத்தின் கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவில், ஒயிட் ரிம் சாலைவழியே நாம் மேற்கொண்ட மிதிவண்டி முகாம் பயணமே ஆண்டின் முதன்மை நிகழ்வு. அடுத்த பயணத்தை எவ்வாறு நடத்துவது என்பதில் உறுப்பினரிடையே இருவேறு கருத்துகள் நிலவுவதால், இவ்வறிக்கையை அதற்கே ஒதுக்கியுள்ளேன்.

ஏறத்தாழ 100 மைல் நீளமுள்ள இந்தச் சுற்றுவழி, கொலராடோ ஆற்றுக்கும் கிரீன் ஆற்றுக்கும் நடுவே உயர்ந்து நிற்கும் மேட்டுநிலத்தைச் சுற்றி வருகிறது. மேட்டின் விளிம்பிலிருந்து சுமார் 1,200 அடி கீழே வெண்ணிற மணற்கல் தளம் ஒன்று நீண்டு கிடக்க, ஆறுகள் அதற்கும் ஆயிரம் அடி கீழே ஓடுகின்றன. 1950களில் யுரேனியம் தேடுவோருக்காக அமெரிக்க அணுசக்தி ஆணையத்தின் ஆதரவில் வெட்டப்பட்ட இச்சாலையால் பெரிய கனிம வளம் எதுவும் கைக்கு வரவில்லை; சாலை மட்டும் நிலைத்தது. அருகிலுள்ள ஆர்ச்சஸ் தேசிய நினைவுச்சின்னப் பகுதியின் கண்காணிப்பாளராக இருந்த பேட்ஸ் வில்சன் போன்றோர் விடாமல் வலியுறுத்தியதன் பயனாக, 1964 செப்டம்பர் 12 அன்று இப்பகுதி தேசியப் பூங்கா ஆயிற்று. கனிமம் தேடிய வண்டிகளுக்கென்று வெட்டிய வழி என்பதை நினைவில் வைத்தால்தான், இங்குள்ள ஏற்றங்களும் மணல் திட்டுகளும் ஏன் இவ்வளவு கடுமையாக இருக்கின்றன என்பது விளங்கும்.

இளவேனிலைத் தேர்ந்தெடுத்ததற்கு வலுவான காரணம் உண்டு. கோடையில் வெயில் 38 பாகை செல்சியசைத் தாண்டுகிறது. கோடையின் பிற்பகுதியில் திடீர் வெள்ளம் வருகிறது. 2010 ஆகஸ்டில் பெய்த பெருமழை, சுற்றின் மேற்குமுனையிலுள்ள மினரல் பாட்டம் கொண்டையூசி வளைவுகளையே அடித்துச் சென்றது. ஏப்ரலில் பகல் இதமாக இருந்தாலும் காற்று பலமாக வீசும், இரவு நடுக்கும் என்பதை நம்மவர் நன்கு உணர்ந்தனர். பாறைத் தளத்தில் கூடார முளைகள் இறங்க மறுத்ததால், கயிறுகளைப் பெரிய கற்களில் சுற்றிக் கட்டினோம். விறகுத் தீ மூட்டத் தடை இருப்பதால், துணைக்கு வந்த ஜீப்பின் மறைவில் எரிவாயு அடுப்பை வைத்துச் சோறும் ரசமும் சமைத்தோம்.

இப்பயணத்தின் உயிர்நாடி தண்ணீர். வழியில் குடிநீர்க் குழாய் ஒன்றுகூடக் கிடையாது. ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் என்னும் கணக்கில், சமையலுக்கும் சேர்த்து, முழுத் தண்ணீரையும் துணை ஜீப்பில் ஏற்றிச் சென்றோம். ஜீப்பை ஓட்டிய உறுப்பினர்கள் தங்கள் சவாரியை விட்டுக்கொடுத்தே இப்பணியை ஏற்றனர். அவர்களுக்குச் சங்கம் பெரிதும் கடமைப்பட்டுள்ளது. மாதங்களுக்கு முன்பே முகாம் அனுமதிக்காகக் கணினி முன் காத்திருந்து, கூஸ்பெரி, மர்ஃபி ஹாக்பேக், பொட்டேட்டோ பாட்டம் ஆகிய இடங்களை அடுத்தடுத்த இரவுகளுக்குப் பெற்றுத் தந்த துணைச் செயலாளருக்கும் நன்றி.

ஷேஃபர் கொண்டையூசி வளைவுகளில் இறங்கும்போது பிரேக்கைத் தொடர்ந்து பிடித்ததில் கைவிரல்கள் மரத்துப்போயின. மஸ்ஸல்மன் என்னும் இயற்கைப் பாறைத் தோரணத்தைப் பார்த்துவிட்டுத் தெற்கே சென்ற சமதளப் பகுதி எளிதாகவே கடந்தது. மர்ஃபி ஹாக்பேக் ஏற்றத்தில் பெரும்பாலோர் இறங்கி வண்டியைத் தள்ளினர். அதில் இழுக்கு ஒன்றும் இல்லை. செம்மண் தூள் சங்கிலியில் ஏறி, எண்ணெயோடு குழைந்து பல்சக்கரங்களை அரைத்தது. ஆகவே மாலைதோறும் பல்துலக்கும் பழைய பிரஷ்ஷால் சங்கிலியைத் தேய்த்து, தூசி அதிகம் ஒட்டாத உலர் வகைச் சங்கிலி எண்ணெயைச் சொட்டு மட்டும் விட்டு, மிகுதியைத் துணியால் துடைத்தோம். ஃபோர்ட் பாட்டத்தில் அமெரிக்கப் பூர்வகுடியினரான புவெப்லோ மக்களின் முன்னோர் கல்லடுக்கிக் கட்டிய கோபுரத்தின் எஞ்சிய சுவர்களை, தொடாமல் எட்டி நின்று பார்த்தோம்.

உறுப்பினர்கள் கட்டாயம் அறிய வேண்டியது அங்குள்ள மண். சாலையோரத்தில் கருத்து, முண்டும் முடிச்சுமாகக் கிடப்பது வெறும் மண் அன்று. சயனோபாக்டீரியா என்னும் நுண்ணுயிர், பாசி, பூஞ்சையோடு கூடி வாழும் லைக்கன் ஆகியவை மணற்துகள்களைப் பின்னிப் பிணைத்து உருவாக்கிய உயிருள்ள மேலோடு அது. மண் அரிப்பைத் தடுப்பதும் காற்றின் நைட்ரஜனை நிலத்தில் சேர்ப்பதும் அதுவே. ஓர் இரவு தூறிய சிறு மழைக்குப் பின், காலையில் குனிந்து பார்த்தபோது, முந்தைய நாள் கருகிக் கிடந்த பாசியெல்லாம் பச்சை பிடித்திருந்தது. ஒரே ஒரு டயர்த் தடம் பட்டாலும் அந்த மேலோடு பழைய நிலைக்கு வரப் பல ஆண்டுகள், சில இடங்களில் பல பத்தாண்டுகள் ஆகும்.

விரும்பும் அனைவரையும் ஒரே பயணத்தில் அழைத்துச் செல்ல வேண்டும் என்று ஒரு சாராரும், துணை வண்டியே இன்றி விரைவாகச் சுற்றி முடிக்க வேண்டும் என்று மற்றொரு சாராரும் கேட்டுள்ளனர். இரண்டையும் ஏற்க வேண்டாம் என்பதே என் பரிந்துரை. ஒரு முகாமிடத்தில் 15 பேரும் மூன்று வண்டிகளும் மட்டுமே அனுமதி. கூட்டம் பெருகினால் கூடாரம் அடிக்கவும் வண்டியை ஒதுக்கவும் கால்கள் அந்த உயிருள்ள மண்மேல்தான் போகும். விரைவுச் சவாரியில் தண்ணீருக்கு இடையூறு நேர்ந்தால் உதவி வந்து சேர வெகுநேரம் ஆகும். புதிய உறுப்பினரை அந்த ஆபத்துக்கு உட்படுத்தச் சங்கத்திற்கு உரிமை இல்லை.

ஆகையால், ஏப்ரலிலும் அக்டோபரிலும் தனித்தனிக் குழுவாக இரு பயணங்கள் நடத்தவும், தண்ணீர்க் கேன்களைச் சங்கத்தின் சொந்தப் பொருளாக வாங்கவும், புதியவர்களுக்கு மணலில் ஓட்டும் பயிற்சியை முன்கூட்டியே அளிக்கவும் பொதுக்குழு தீர்மானம் நிறைவேற்றுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்