பொருள்: நான்கு படங்களுக்கு ஒரே தலைப்பு வரவில்லை, ஐந்து வாரமாக அலைகிறேன்

ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் புள்ளியியல் மென்பொருளுக்கு ஓராண்டுச் சந்தா கட்டியிருக்கிறேன். 'ஒரு பக்கத்தில் நான்கு படம்' வசதியில் 'பொதுத் தலைப்பு' பெட்டி இருக்கிறதே, அதில் எதை எழுதினாலும் பக்கத்தில் வருவதில்லை. நீங்கள் செய்த பொருள், உங்களுக்கே தெரியும். ஏழு போன், மூன்று புகார் டிக்கெட் ஆகிவிட்டது, அப்புறம் ஒரு நேரடி அலைச்சல் வேறு.

அந்த அலைச்சலைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. அரை நாள் லீவு போட்டு, இரண்டு பஸ் மாறி, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு உங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். வைக்க மேசைகூட இல்லை, மடியில் வைத்துத் திறந்து காட்டினேன். உங்கள் ஆள் செல்போனிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "ஒரு தலைப்புக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க? பவர்பாயிண்ட்ல ஒட்டி மேல டைப் பண்ணிக்கோங்க" என்றார். என்னிடம் இருப்பது நான்கு நிலக்கடலை ரகங்களின் விளைச்சல், 18 தொகுப்பு, மொத்தம் 72 படம். தரவில் ஒரு எண் மாறினால் எல்லாவற்றையும் திரும்ப ஒட்டிக்கொண்டு உட்கார வேண்டுமா? அதற்கா பணம் கட்டினேன்?

அதற்கு முன்னால் போனில் ஒருவர், முதல் படத்துக்கே பெரிய தலைப்பாகக் கொடுங்கள் என்றார். கொடுத்தேன், அந்த ஒரு படத்துக்கு மட்டும் உரியது மாதிரி இடது மூலையில் நின்றது. இன்னொருவர் ஜிஜிபிளாட் என்ற வரைபடக் கருவியில் போட்ட படங்களுக்கு எம்எஃப்ரோவை, அதாவது பக்கத்தை எத்தனை வரிசை, எத்தனை நெடுவரிசையாகப் பிரிப்பது என்ற அமைப்பை, மாற்றச் சொன்னார், நான்கும் நான்கு தனிப் பக்கமாக விழுந்தன. ஜிஜிபிளாட் கிரிட் என்ற வேறு முறையில் வரைகிறது, எம்எஃப்ரோவை அது கண்டுகொள்ளாது. இதுகூடத் தெரியாதவரையா உதவிக்கு வைத்திருக்கிறீர்கள்?

கடைசியில் தெரிந்த பேராசிரியர் ஒருவர் பத்தே நிமிடத்தில் முடித்துக் கொடுத்தார். உங்கள் மென்பொருளுக்குள் ஓடுவது இலவசமாகக் கிடைக்கும் ஆர் என்ற புள்ளியியல் நிரல் மொழிதானே. அதில் பக்கத்தின் வெளி ஓரம், அதாவது ஓஎம்ஏ, நாமாக மாற்றாதவரை நான்கு பக்கமும் 0. தலைப்பை அங்கே எழுதச் சொன்னால் எழுத இடமே இல்லை. கீழ், இடது, மேல், வலது என்ற வரிசையில் 0, 0, 3, 0 என்று கொடுத்து மேலே மூன்று வரி இடம் விட்டார், ஓரத்தில் எழுத்து போடும் எம்டெக்ஸ்ட் கட்டளையில் அவுட்டரை ட்ரூ ஆக்கி அந்த வெளி ஓரத்தில் எழுத வைத்தார், தலைப்பு நான்கு படத்துக்கும் மேலே நடுவில் வந்துவிட்டது. ஜிஜிபிளாட்டுக்கு, படங்களை ஒன்றாகச் சேர்க்கும் பேட்ச்வொர்க்கில் பிளாட் அனொட்டேஷன் என்ற கட்டளையில் தலைப்பைக் கொடுத்தார். இந்த இரண்டு வரிக்காக நான் சமர்ப்பிக்கும் தேதியை விட்டேன், மூன்று வருட ஆராய்ச்சியே உங்களால் நாசம்.

அனோவா (சராசரிகளை ஒப்பிடும் சோதனை) அட்டவணை எல்லாம் அருமையாகத்தான் வருகிறது, அதை மறுக்கவில்லை. அதனால்தான் இன்னும் பொறுமையாகக் கேட்கிறேன்: தயவுசெய்து அந்தப் பெட்டியைச் சரிசெய்யுங்கள், ஐந்து வாரச் சந்தாவைத் திருப்பித் தாருங்கள், அந்த ஆள் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். 15 நாளில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் போடுவேன், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போவேன், சும்மா சொல்லவில்லை.

என் மூன்று டிக்கெட்டும் 'தீர்க்கப்பட்டது' என்று மூடிக் கிடக்கின்றன. முதலில் அவற்றைத் திறங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்